பொரித்த ஆர்ட்டிசோக்கில் யூதம் எங்கே?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ரோமில் பழைய யூதக் குடியிருப்புப் பக்கம் போயிருந்தோம். ‘கார்ச்சோஃபி அல்லா ஜூதியா’ என்று இதழ் அடுக்கிய மொட்டு போன்ற ஆர்ட்டிசோக் காயை முழுதாகப் பொரித்துத் தந்தார்கள். ருசியில் குறையில்லை. ஆனால் காய் இத்தாலியக் காய், எண்ணெய் ஆலிவ் எண்ணெய். இதில் யூதம் எங்கே இருக்கிறது? சுற்றுலாக்காரர்களுக்காக ஒட்டிய பெயர்தானா?

ர.

அன்புள்ள ர.,

அந்தப் பெயரால் வியாபாரம் நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் யூதத்தைக் காயில் தேடினால் கிடைக்காது. ரோமில் யூதர்கள் கிறிஸ்துவுக்கு முன்பிருந்தே வாழ்கிறார்கள்; மற்றவர்கள் வாங்கிய சந்தையில்தான் அவர்களும் வாங்கினார்கள். வித்தியாசம் அடுப்படியில். பன்றிக்கொழுப்பு ஆகாது. இறைச்சியோடு வெண்ணெய் சேரக் கூடாது. மிஞ்சியது ஆலிவ் எண்ணெய்.

1555-இல் போப் நான்காம் பால் அவர்களை டைபர் ஆற்றங்கரையில், வெள்ளம் ஏறும் தாழ்வான இடத்தில், மதிலுக்குள் அடைத்தார். பழந்துணி வியாபாரம் தவிரப் பெரும்பாலான வணிகங்களுக்குத் தடை. போப்பின் ஆட்சி ரோமில் முடிந்த 1870 வரை அந்த ஏற்பாடு முழுதாக ஒழியவில்லை. அந்த நெருக்கடியில் வளர்ந்த கைப்பக்குவம்தான் உங்கள் தட்டுக்கு வந்தது. முற்றிய வெளி இதழ்களைக் கத்தியால் சுற்றிச் சீவி, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு, மிதமான எண்ணெயில் ஒரு முறை வேகவிடுகிறார்கள். பிறகு இதழ்களை விரித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுபடி போட்டு, மேலே சில சொட்டு தண்ணீர் தெளிப்பார்கள். இதழ் அப்பளமாக நொறுங்கும், அடிப்பாகம் வெண்ணெயாகக் கரையும்.

‘அல்லா ஜூதியா’ என்றால் ‘யூதர் முறையில்’. அக்கம்பக்கத்தார் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். தன் வீட்டுக் குழம்பை யார் அப்படி அழைப்பார்கள்?

கத்தரிக்காய் கதை இன்னும் சுவையானது. 1891-இல் சமையல் நூல் எழுதிய பெல்லெக்ரீனோ ஆர்ட்டூசி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஃப்ளாரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைப் பார்ப்பதே அரிது, யூதர் தின்பது என்று இழிவாக ஒதுக்கினார்கள் என்கிறார். நல்லதை மோப்பம் பிடிப்பதில் கிறிஸ்தவர்களைவிட யூதர்களுக்கு மூக்கு கூர்மை என்றும் சேர்த்துக்கொள்கிறார். (பாராட்டுதான், கொஞ்சம் இடக்கான பாராட்டு.) இன்று கத்தரிக்காய் இல்லாமல் இத்தாலியச் சமையல் ஏது?

2018-இல் வேறொரு திசையிலிருந்து சிக்கல் வந்தது. முழு ஆர்ட்டிசோக்கின் இதழிடுக்கில் பூச்சி இருக்கலாம், அது கோஷர் (யூத உணவு விதிப்படி உண்ணத் தக்கது) அல்ல என்று இஸ்ரேலின் தலைமை ரபி (யூத மதகுரு) அலுவலகம் சொல்லிவிட்டது. ரோமின் தலைமை ரபி ரிக்கார்டோ தி சென்யி அசரவில்லை. ஆர்ட்டிசோக்கைச் சுத்தம் செய்தபடி யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லும் காணொளியில் தோன்றினார். வேத விளக்கத்தைவிட எனக்கு அந்தக் கத்தி பிடித்த கைதான் பிடித்திருந்தது.

நீங்கள் அடுத்த முறை போனால் டஸ்கனியில் பிட்டில்யானோ என்ற மலையூருக்குப் போங்கள். அங்கே ‘ஸ்ஃப்ராத்தி’ என்றொரு பலகாரம்: தேனும் வால்நட்டும் ஆரஞ்சுத் தோலும் அடைத்த, தடி வடிவ மாவுச் சுருள். ஸ்ஃப்ராத்தோ என்றால் வீட்டைக் காலி செய்யும் உத்தரவு. 17-ஆம் நூற்றாண்டில் யூதர்களைக் கெட்டோ என்ற ஒதுக்கப்பட்ட குடியிருப்புக்குத் துரத்த வந்த ஆட்கள் கதவைத் தட்டிய தடி அது என்று ஊரில் சொல்கிறார்கள். அதை யூதர்கள் தங்கள் புத்தாண்டுக்குத் தித்திப்பாக்கிக்கொண்டார்கள். இப்போது அந்த ஊரில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஸ்ஃப்ராத்தி செய்வது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள்.