12,000 பேர் உள்நுழையும் கீக்ளோக் சர்வருக்கு எவ்வளவு ராம், எவ்வளவு டிஸ்க்?

பாளையங்கோட்டை, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் மூன்று வளாகத்துக்கும் சேர்த்து 12,000 பேர், மார்க், கட்டணம், நூலகம் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின், அந்த லாகினைக் கவனிக்கும் கீக்ளோக் மென்பொருளுக்கு இரண்டு சர்வர், பின்னால் தகவலைச் சேமிக்க ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இதற்கு 64 ஜிபி ராம் போதுமா என்பது உங்கள் கேள்வி. 64 வேண்டவே வேண்டாம். ஆனால் டிஸ்க்கைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. இந்த மாதிரி சர்வர் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.

12,000 என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு பயனருக்குத் தாராளமாக 5 கேபி என்று வைத்தாலும் மொத்தம் 60 எம்பிதான். கணக்குக்குத் தேவையான எண்கள் வேறு: நெரிசலான ஒரு விநாடியில் எத்தனை பேர் பாஸ்வேர்டு அடிக்கிறார்கள், ஒரே நேரத்தில் எத்தனை செஷன் (உள்ளே வந்தவரின் தொடரும் லாகின்) உயிரோடு இருக்கிறது, எத்தனை நாள் பதிவை வைத்திருக்க வேண்டும்.

இன்டர்னல் மார்க் வெளியாகும் நாளில் 6,000 பேர் ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே வருகிறார்கள் என்று கொள்வோம். விநாடிக்கு 20 லாகின். பாஸ்வேர்டு லாகின் விநாடிக்கு 15க்கு ஒரு விசிபியு (மெய்நிகர் சிபியு கோர்), அதற்கு மேல் 150 சதவீதம் கூடுதல் இடம் என்பது கீக்ளோக் ஆவணமே தரும் கணக்கு. 20ஐ 15ஆல் வகுத்து 2.5ஆல் பெருக்கினால் 3.3, ஆக நான்கு விசிபியு. ஒரு சர்வர் விழுந்தால் மற்றது தனியாகத் தாங்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்குமே நான்கு. இரண்டாகப் பிரித்து இரண்டிரண்டு கொடுத்தால் இரண்டாவது சர்வர் இருந்தும் பயனில்லை.

ராம் கணக்கும் அதே ஆவணத்தில் இருக்கிறது. ரியல்ம் தகவலும் (பயனர், செயலி அமைப்புகளின் தொகுப்பு) 10,000 செஷனும் கேஷில், அதாவது ராமில் தயாராக, இருக்கையில் அடிப்படைத் தேவை 1250 எம்பி. கன்டெய்னரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் முறை) ஓட்டினால், அதற்கு வைக்கும் ராம் உச்சவரம்பான லிமிட்டில் 70 சதவீதத்தை, ஜாவா நிரல் தன் தகவலை வைக்கும் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். ஹீப்புக்கு வெளியே ஏறக்குறைய 300 எம்பி போகும். ஆகவே லிமிட் வைக்கும்போது தேவையிலிருந்து 300ஐக் கழித்து 0.7ஆல் வகுக்க வேண்டும். 1250க்கு ஏறக்குறைய 1360 வரும். உங்களுக்கு 2 ஜிபி தேவை என்று எடுத்துக்கொண்டால் லிமிட் 2.5 ஜிபி. சர்வருக்கு 4 ஜிபி கொடுத்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இடம் மிஞ்சும்.

கன்டெய்னர் இல்லாமல் நேராக விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) நிறுவுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஹீப்பின் இயல்பான உச்சவரம்பு 512 எம்பி. 64 ஜிபி வாங்கிப் போட்டாலும் கீக்ளோக் அந்த 512க்குள்ளேயே மூச்சுத் திணறும். ‘ஜாவா ஆப்ட்ஸ் கேசி ஹீப்’ என்ற சூழல் மாறியில் அளவை நீங்களே கொடுக்க வேண்டும். 4 ஜிபி விஎம்முக்கு 2 ஜிபி ஹீப் சரியாக இருக்கும்.

பதிப்பு 25 முதல் பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாத குறியாக மாற்றும் ஹாஷ் முறை இயல்பாகவே ஆர்கான்2. ஒவ்வொரு ஹாஷுக்கும் 7 எம்பி எடுக்கும். ஒரே நேரத்தில் நடக்கும் ஹாஷ்களைக் கோர் எண்ணிக்கைக்குள் நிறுத்திவிடுவதால் ராம் அப்படியே நிரம்பிவிடாது. ஆனால் விநாடிக்கு 20 லாகின் என்றால் 140 எம்பி குப்பை சேருகிறது. ஹீப் இறுக்கமாக இருந்தால் அந்தக் குப்பையை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் ஓடிக்கொண்டே இருக்கும், லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். ராம் போதாதபோது டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்பை நம்பவும் கூடாது. ஹீப் ஸ்வாப்புக்குப் போனால் சர்வர் நீண்ட நேரம் உறையும், பக்கத்து நோடு (மற்ற கீக்ளோக் சர்வர்) அதை இறந்துவிட்டதாக எண்ணிக் கிளஸ்டர் என்ற கூட்டிலிருந்து தள்ளிவிடும்.

செஷன்கள் பதிப்பு 26 முதல் டேட்டாபேஸிலேயே சேமிக்கப்படுகின்றன. நோடுக்கு 10,000 மட்டும் கேஷில் இருக்கும், மிச்சம் தேவைப்படும்போது டேட்டாபேஸிலிருந்து வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நீண்டு யுபிஎஸ் கைவிட்டாலும், கரன்ட் வந்தபின் எல்லாரும் மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதில்லை. செஷன் நேரம் மட்டும் தீர்ந்திருக்கக் கூடாது. இயல்பாக 30 நிமிடம் சும்மா இருந்தாலே தீர்ந்துவிடும். பழைய பதிப்பில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே மாறுங்கள்.

இனி டிஸ்க். இடத்தைத் தின்பது ஈவென்ட் பதிவு, அதாவது ஒவ்வொரு லாகின் நிகழ்வின் குறிப்பு. நாளுக்கு 6,000 பேர், ஆளுக்கு மூன்று லாகின், லாகினுக்கு இரண்டு ஈவென்ட் என்றால் 36,000 வரி. இண்டெக்ஸோடு வரிக்கு 1 கேபி என்று வைத்தால் நாளுக்கு 36 எம்பி, வருடத்துக்கு 13 ஜிபி. ஒன்றுமே இல்லை. யாராவது டோக்கன் (லாகின் ஆனதற்கான மின்சீட்டு) புதுப்பிப்பு ஈவென்ட்டையும் சேமிக்கும்படி டிக் போட்டுவிட்டால்தான் வினை. அக்சஸ் டோக்கனின் இயல்பான ஆயுள் 5 நிமிடம். 6,000 செஷன் மணிக்கு 12 முறை வீதம் 8 மணி நேரம் புதுப்பித்தால் நாளுக்கு 5,76,000 வரி, வருடத்துக்கு 210 ஜிபி. ஈவென்ட்டுக்குக் காலாவதி வைக்காவிட்டால் அது தானாக அழியவும் செய்யாது. ஒரு வாரம் ஓட்டியபின் டேபிளின் உண்மையான அளவைப் பார்த்து இந்த 1 கேபியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதற்காக 30 நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடவும் முடியாது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். டேட்டாபேஸில் 30 நாள், லாக் ஃபைலாக வேறு டிஸ்க்கில் 180 நாளுக்கும் மேல் என்று பிரிப்பதுதான் என் சிபாரிசு. இதில் கவனம்: கீக்ளோக்கின் லாக் இயல்பாகத் தோல்வியடைந்த லாகினை மட்டுமே எச்சரிக்கையாகக் காட்டும். வெற்றியடைந்தவை டீபக் நிலையில் (பிழை தேடும்போது மட்டும் காட்டும் நிலை) போவதால் ஃபைலில் வராது. ஈவென்ட்டை லாக்கில் எழுதும் ஈவென்ட் லிசனரின் வெற்றி நிலையை இன்ஃபோ (சாதாரணத் தகவல்) என்று மாற்றாவிட்டால், விசாரணை வரும் நாளில் கையில் பாதிப் பதிவுதான் இருக்கும்.

அழித்த வரிகளின் இடத்தை போஸ்ட்கிரெஸ் உடனே டிஸ்க்குக்குத் திருப்பித் தராது, வேக்குவம் என்ற துப்புரவு வேலை ஓடியபின் தானே மறுபடி பயன்படுத்தும். செஷன் டேபிள் ஓயாமல் மாறும் டேபிள். இயல்பாக 20 சதவீத வரிகள் செத்தபின்தான் ஆட்டோவேக்குவம் எழுந்திருக்கும். அந்த டேபிளுக்கு மட்டும் 2 சதவீதம் என்று குறைத்து வையுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் டேட்டாபேஸின் ரெப்ளிகா (உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் நகல்) வைப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. ரெப்ளிகா எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்தால், லைன் அறுந்து ரெப்ளிகா பேசாத நாளெல்லாம் மெயின் சர்வர் வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதும் பதிவு) ஃபைல்களை அதற்காகச் சேர்த்துக்கொண்டே போகும். இயல்பில் இதற்கு வரம்பே கிடையாது. வால் டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும், மூன்று வளாகத்திலும் ஒருவரும் உள்ளே வர முடியாது. ஸ்லாட்டுக்காக வைக்கும் வால் அளவுக்கு 10 ஜிபி வரம்பு கொடுத்து, வாலுக்கென்று 20 ஜிபி தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். 70 சதவீதத்தில் எச்சரிக்கை வர வேண்டும். வரம்பு தாண்டினால் ரெப்ளிகாவைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். லாகின் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

டேட்டாபேஸ் சர்வருக்கு 8 ஜிபி ராம், அதில் ஷேர்டு பஃபர் (போஸ்ட்கிரெஸின் சொந்தக் கேஷ்) 2 ஜிபி. டிஸ்க் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, மிரர் செய்து. அளவைவிட வகைதான் முக்கியம்: கரன்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துக்கொடுக்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் வகையாக வாங்குங்கள். டேட்டாபேஸ் கனெக்ஷன் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கீக்ளோக்கும் இயல்பாக 100 வரை திறக்கும், போஸ்ட்கிரெஸ் மொத்தமே 100தான் தரும். நோடுக்கு 30 என்று நிறுத்துங்கள்.

பேக்கப் விஷயத்தில் 2023 டிசம்பர் 17, 18ஐ மறக்க வேண்டாம். வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்த நாட்கள் அவை. சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஒரே ஆறுதான், அதனால் மூன்றாவது நகல் மாவட்டத்துக்கு வெளியே, இந்தியாவுக்குள் இருக்கட்டும். டோக்கனில் கையெழுத்திடும் சாவியும் அந்த டம்ப்பில் (டேட்டாபேஸின் பேக்கப் நகலில்) இருக்கும். என்க்ரிப்ட் செய்யாமல் அனுப்பவே கூடாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: வாடகை விஎம்மில் இதே அளவில் நிறுவி, விநாடிக்கு 20 லாகினை ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு நோடை நிறுத்துங்கள். மிஞ்சிய நோடில் லாகின் ஒரு விநாடிக்குள் முடிகிறதா, கார்பேஜ் கலெக்ஷன் நேரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் 4 ஜிபியை 6 ஆக்குங்கள்.