பழைய தையல் மெஷினுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு திருப்பூர் மெக்கானிக்கின் பதில்கள்

பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் மெக்கானிக்காக 22 வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது சொந்தமாக சர்வீஸ் மட்டும் பார்க்கிறேன், மெஷின் வாங்கி விற்பதில்லை. அதனாலேயே பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடைவாசலில் நின்றுகொண்டு எனக்கு போன் அடிக்கிறார்கள். "அண்ணா, இந்த விலை சரிங்களா?" பார்க்காத மெஷினுக்கு நான் என்ன சொல்வது? எழுதிக் கேளுங்கள், நிதானமாகப் பதில் சொல்கிறேன் என்றேன். வந்தவற்றில் பத்தை எடுத்துக்கொண்டேன்.

பல்லடத்திலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கலாம் என்றிருக்கிறேன் அண்ணா. ஜூகி சிங்கிள் நீடில், டேபிள், ஸ்டாண்டு, கிளட்ச் மோட்டார் எல்லாம் சேர்த்து 14,000 சொல்கிறார்கள். கொடுக்கலாமுங்களா?

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. ஏன் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், அடுத்த மெஷினுக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் மெஷின் கடைக்குப் போய், மோட்டார் தலையிலேயே (டேபிளுக்கு மேல் நிற்கிற, தைக்கும் பாகம்) இருக்கிற சாதாரண டைரக்ட் டிரைவ் மெஷின் இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று கேளுங்கள். கணக்குக்கு 24,000 என்று வைப்போம். அடுத்து, பழையதை வாங்கி வந்து ஒழுங்காகத் தைக்க வைக்க ஆகும் செலவு. கிளட்ச் மோட்டாரைக் கழற்றி சர்வோ மோட்டார் போட 4,500. அடியில் நூலைப் பிடிக்கிற கொக்கியான ஹூக் தேய்ந்திருந்தால் 1,200. ஊசி இறங்கும் தகடான நீடில் பிளேட்டும், துணியை நகர்த்தும் பல்லும் 500. பெல்ட், பாபின் கேஸ், சில்லறை 300. மெக்கானிக் கூலி 600, வண்டி வாடகை 400. ஆக 7,500. நீங்கள் சொன்ன 14,000ஐக் கூட்டினால் 21,500 வந்துவிட்டது. இன்னும் 2,500 போட்டால் வாரண்டியோடு புதுசு வீட்டுக்கு வந்துவிடும்.

என் வழக்கம் இது: எல்லாச் செலவும் சேர்ந்த பிறகு பழையது புதியதின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 24,000க்கு அது 16,000. அதில் 7,500ஐக் கழித்தால் 8,500. தலை நன்றாக இருந்தால் 9,000 வரை போகலாம். தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் வழி மாறாது.

ஓடுகிற கிளட்ச் மோட்டாரை எதற்கு மாற்ற வேண்டும் என்பீர்கள். அரை ஹெச்பி மோட்டார் அது. நீங்கள் பீஸை எடுத்து மடித்து வைக்கும்போதும், குழந்தைக்குச் சோறு ஊட்டப் போயிருக்கும்போதும், சுவிட்ச் போட்டிருந்தால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சர்வோ மிதித்தால்தான் சுற்றும். எட்டு மணி நேர வேலைக்கு கிளட்ச் சுமார் 2 யூனிட், சர்வோ அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால், மாதம் 26 நாளில் 36 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 288 ரூபாய். பதினாறு மாதத்தில் சர்வோ விலை திரும்பி வந்துவிடும். சத்தம் குறைவது தனி லாபம்.

அவிநாசி: மெக்கானிக்கைக் கூட்டிப் போக வசதியில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொள்ள என்ன வழி?

கையில் ஒரு புது ஊசி, நீங்கள் தைக்கப்போகும் துணியில் கொஞ்சம், வெள்ளை நூல், செல்போன் டார்ச். இது போதும்.

முதலில் சுவிட்ச் போடாதீர்கள். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்கேயும் கடினமாகப் பிடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் "டக்" என்று தட்டினால் உள்ளே ஏதோ அடிவாங்கியிருக்கிறது. அப்புறம் ஊசிக்கம்பியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற ஆட்டம் இருந்தால் கம்பியைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அது 500 ரூபாயில் முடிகிற வேலையில்லை, தலையைப் பிரிக்க வேண்டும்.

நீடில் பிளேட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஊசி இறங்கும் ஓட்டையைச் சுற்றி நகத்தால் தடவினால் பிசிறு தட்டுகிறதா? பல் கூர்மையாக இருக்கிறதா, சீப்பு தேய்ந்தது போல மழுங்கியிருக்கிறதா? டார்ச் அடித்து ஹூக்கின் மூக்கைப் பாருங்கள். அந்த நுனியில்தான் மெஷினின் உயிர் இருக்கிறது. உடைந்தோ மழுங்கியோ இருந்தால் நூல் அறும், தையல் விடும்.

அடுத்து தலையைச் சாய்த்து ஆயில் தொட்டியைப் பாருங்கள். இந்த இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஆயில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கறுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். பால் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்த மெஷின், பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். தொட்டி அடியில் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். இரும்புப்பொடி மினுமினு என்று ஒட்டினால் உள்ளே ஏதோ அரைபடுகிறது.

இப்போது சுவிட்ச். மெஷின் தலையின் மேல்பக்கம் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். ஓட்டினால் அதற்குள் ஆயில் தெறிப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பம்ப் ஏற்றவில்லை. ஆயில் ஏறாமல் ஓடிய மெஷினுக்கு நான் விலையே சொல்ல மாட்டேன்.

கடைசியாக உங்கள் துணியில், உங்கள் ஊசியில் தையுங்கள். மெல்லிய பனியன் துணியான சிங்கிள் ஜெர்ஸி ஒரு மடிப்பு, அப்புறம் கழுத்துப்பட்டிக்குப் போடும் ரிப் துணி நான்கு மடிப்பு, நடுவே தையல் மேல் தையல் ஏறும் இடம். மூன்றிலும் தையல் விடாமல் வர வேண்டும். ரிவர்ஸில் தைக்கும்போது தையல் நீளம் முன்னால் போனதற்குச் சமமாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு ஊசிக்கம்பி ஓரம் பாருங்கள். ஆயில் கறை விழுந்தால் பிறகு கம்பெனிக்காரர் உங்கள் பீஸைத் திருப்பி அனுப்புவார்.

தாராபுரம்: விற்பவர் மெஷின் தைக்கிற வீடியோ அனுப்பியிருக்கிறார், அட்வான்ஸ் போடலாமா?

வேண்டாம் சாமி. வீடியோவில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும்.

பெருந்துறை: மூடின பவர்டேபிள் (ஜாப் ஒர்க் தையல் கூடம்) ஒன்றிலிருந்து மெஷின் வாங்கி வந்தேன். வீட்டில் மாட்டினால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. மோட்டாரின் பெயர்ப்பட்டையில் 415 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அது மும்முனை மின்சாரத்துக்கான மோட்டார், வீட்டில் இருப்பது ஒருமுனை. சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகிவிடும். அதைக் கழற்றி வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒருமுனை சர்வோ போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போதே பார்த்திருந்தால் மோட்டாருக்கு இரும்பு விலைதான் என்று சொல்லிக் கேட்டிருக்கலாம்.

திருமுருகன்பூண்டி: பேட்லாக் மெஷின் ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. சிங்கிள் நீடில் மாதிரியே பார்த்து வாங்கலாமா?

பனியன் ஓரத்தை மடித்துத் தைக்கிற மெஷின் இது; பெயர்ப்பட்டையில் ஃபிளாட்லாக் என்று இருந்தாலும் நம் ஊரில் பேட்லாக்தான். இதைப் பார்க்கும் விதம் வேறு. முதல் கேள்வி, கேஜ் என்ன? மூன்று ஊசியில் இந்தக் கோடி ஊசிக்கும் அந்தக் கோடி ஊசிக்கும் இடையே 5.6 மில்லியா, 6.4 மில்லியா? உங்களுக்கு ஆர்டர் தருகிறவர் 6.4 கேட்டு, மெஷின் 5.6 ஆக இருந்தால், ஊசி பிடிக்கும் கிளாம்ப், பிளேட், பல், துணியை அழுத்தும் புட் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். அடிமாட்டு விலை அங்கேயே நின்றுபோகும். கேஜ் தெரியாமல் பேட்லாக் விலை பேசுவது ஜோடி தெரியாமல் மாடு பிடிக்கிற மாதிரி.

இரண்டாவது, அடியில் நூலைக் கோத்து வாங்குகிற லூப்பர். நுனியில் கல் வைத்துத் தீட்டிய தடம் இருந்தால் ஏற்கெனவே ஊசி இடித்து, சரி பண்ணி ஓட்டியிருக்கிறார்கள். ஒருமுறை தீட்டியது ஓடும். குட்டையாகத் தெரிகிற அளவுக்குத் தீட்டியிருந்தால் புது லூப்பர் விலையைக் கழியுங்கள். மேலே நூல் பரப்புகிற ஸ்பிரெடர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி மெஷினில் கழற்றி வேறு எங்கேயோ போட்டிருப்பார்கள்.

துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே பின்னித் தைக்கிற ஓவர்லாக் என்றால் இன்னொரு சோதனை உண்டு. துணி இல்லாமல் ஓட்டிச் சங்கிலி விடச் சொல்லுங்கள். அரை அடி நீளத்துக்குப் பின்னல் ஒரே சீராக வந்தால் லூப்பர் நேரம் சரியாக இருக்கிறது. கத்தி மழுங்கியதற்காகப் பெரிதாக விலை குறைக்காதீர்கள், அது சாணை பிடிக்கிற வேலை.

கரூர்: பெட்ஷீட், திரைச்சீலை தைக்க திருப்பூர் மெஷின் எடுக்கலாமா? அங்கே விலை குறைவு என்கிறார்கள்.

எடுக்கலாம். ஆனால் பனியனுக்கு ஓடினது உங்கள் துணிக்கு முக்கும். ஜூகியில் டிடிஎல் 8700 என்பது நடுத்தரத் துணிக்கு. பெயருக்குப் பின்னால் ஹெச் இருந்தால் கனத்த துணிக்கு. உங்களுக்கு ஹெச்தான் வேண்டும். அது பனியன் பக்கம் அதிகம் வராது, அதனால் திருப்பூரில் அலைவதைவிட உங்கள் ஊரிலேயே தேடுங்கள்.

சென்னிமலை: ஜப்பானிலிருந்து இறக்கின யூபிடி மெஷின் என்கிறார்கள். நூலைத் தானே வெட்டுமாம். சாதாவைவிட 6,000 அதிகம். தரலாமா?

நூல் வெட்டுவது உண்மைதான், வேலையும் வேகமாக ஓடும். ஆனால் கண்ட்ரோல் பெட்டியின் பட்டையைப் படியுங்கள். ஜப்பானில் மும்முனை 200 வோல்ட். இங்கே அதை அப்படியே மாட்ட முடியாது, டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். பெட்டிக்குள் போர்டு போனால் பழைய மாடலுக்குப் போர்டு தேடி நாய் படாத பாடு படணும். இரும்பில் வருகிற கோளாறை நான் சரி பண்ணிவிடுவேன், போர்டில் வருவதற்கு என்னிடம் வழியில்லை. நூல் வெட்டுவது கண்முன் ஐம்பது தடவை தவறாமல் வேலை செய்து, டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்துக் கொடுத்தால் 3,000 கூடக் கொடுங்கள். 6,000 ஜாஸ்தி.

நம்பியூர்: ஒரு கம்பெனி மூடுகிறார்கள். 12 மெஷின் மொத்தமாக எடுத்தால் ஒன்று 6,000 விழும். பெயின்ட் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. யோசிக்காமல் எடுக்கலாமுங்களா?

"பெயின்ட் புதுசு மாதிரி" என்பதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. காரணம் சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு யூனிட்டிலிருந்து எட்டு மெஷின் மொத்தமாக எடுத்தோம். நானே மெக்கானிக், எனக்கா தெரியாது என்ற தெம்பு. இரண்டை ஓட்டிப் பார்த்தேன், அருமை. மற்ற ஆறும் அப்படித்தான் என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். கொண்டு வந்து தலையைச் சாய்த்தால் நான்கில் தொட்டி அடியில் சேற்றுக் கோடு, வெள்ளம் எந்த உயரத்துக்கு நின்றது என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம். ஷாஃப்டெல்லாம் துரு. மேலே மட்டும் பெயின்ட் அடித்திருந்தார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்த நான்கும் உதிரிப் பாகத்துக்குத்தான் போயின. மச்சான் இன்னமும் விசேஷ வீட்டுப் பந்தியில் இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஆகவே 12ஐயும் தனித்தனியாகச் சாயுங்கள், அரை நாள் ஆகட்டும். மூன்றாகப் பிரியுங்கள்: உடனே தைப்பது, வேலை பார்த்தால் தைப்பது, உதிரிக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் நான் மேலே போட்ட கணக்கைப் போட்டு, உதிரிக்குப் போவதற்கு இரும்பு விலை வைத்து, கூட்டி மொத்தமாக ஒரே தொகையாகச் சொல்லுங்கள். ஸ்குரூ தலைகளையும் பாருங்கள். பெயின்ட் ஸ்குரூ காடிக்குள்ளும் புகுந்திருந்தால் பிரித்துச் சுத்தம் பண்ணாமல் மேலாகப் பூசியது. பெயர்ப்பட்டை ரிவெட் அடித்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒட்டின பெயருக்கு நான் காசு தருவதில்லை.

இன்னொன்று, கம்பெனி கடனில் மெஷின் எடுத்திருந்தால் அது பேங்க்கின் அடமானத்தில் இருக்கும். வாங்கிய பில்லும், கடன் முடிந்தது என்ற கடிதமும் கண்ணால் பார்க்காமல் வண்டி ஏற்றாதீர்கள்.

கோபி: எங்கள் அப்பத்தாவின் சிங்கர் கால்மிதி மெஷின் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

போகாது கண்ணு. 2009இல் சவுதி அரேபியாவில் பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, செல்போனை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தெரிந்துவிடும் என்று ஒரு புரளி கிளம்பி, ஆளாளுக்கு எக்கச்சக்க விலை சொன்னார்கள். மெஷினுக்குள் இரும்பும் எண்ணெயும் தவிர ஒன்றுமில்லை. மாடல் எண்ணுக்குப் பின்னால் கே என்று இருந்தால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1980இல் மூடின ஆலை. அதுவரை அங்கிருந்து லட்சக்கணக்கில் வந்திருக்கின்றன, அபூர்வமே இல்லை. தங்க எழுத்து அழியாமல், மர மூடியோடு இருந்தால் வீட்டில் அலங்காரமாக வைக்கிறவர்கள் கொஞ்சம் கூடத் தருவார்கள். என்னைக் கேட்டால் பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் அழகாகத் தைக்கும்.

மங்கலம்: நான் விற்கிறவன் அண்ணா. நான்கு ஓவர்லாக் இருக்கிறது, நல்ல விலை கிடைக்க என்ன பண்ணலாம்? தீபாவளிக்கு முன்னா, பின்னா?

முன்னால். ஆர்டர் முடிக்க ஆளும் மெஷினும் தேடி அலைகிற நேரம் அது. தீபாவளி கழிந்து ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் விற்கிறவர்கள்தான் அதிகம், வாங்குகிறவர்கள் ஆற அமர வருவார்கள்.

பெயின்ட் அடிக்காதீர்கள், என்னைப் போன்றவனுக்கு அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். பஞ்சையெல்லாம் ஊதித் தள்ளி, ஆயில் மாற்றி, கத்தி சாணை பிடித்து வையுங்கள். நீங்கள் தைத்த துணித்துண்டு ஒன்றை ஒவ்வொரு மெஷின் புட்டுக்கு அடியிலும் ஊசி இறக்கி விட்டுவையுங்கள், நான்கு நூலும் கோத்தபடி. பார்க்க வருகிறவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டியதுதான். நானாக இருந்தால் அப்படி வைத்த மெஷினுக்கு 500 ரூபாய் பேரம் பேசாமல் விடுவேன்.