நிறுவன நிதி விண்ணப்பம் "பதிவு எண் இல்லை" என்று திரும்பியது பற்றி

உங்கள் சங்கம் ஒரு நிறுவனத்திடம் நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் ஏன் இப்படித் திரும்பியது என்று கேட்டீர்கள். நிறுவனம் கேட்பது உங்கள் சங்கப் பதிவு எண்ணை அன்று. 2021 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைப் பெற்றுப் பணிசெய்யும் அமைப்பு, மத்திய நிறுவன விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்து தனி எண் பெற்றிருக்க வேண்டும்.

தாக்கல் செய்தும் எண் கிடைக்காவிட்டால், பெயர் பொருந்தாமையே காரணமாக இருக்கக்கூடும். சங்கச் சான்று, பான் அட்டை, வருமான வரித்துறையின் 12ஏ (வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவு ஆணைகள் ஆகியவற்றை அருகருகே வைத்து, உங்கள் சங்கப் பெயரில் வரும் தங்கச்சிமடம் என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஒன்றில் சேர்த்தும் மற்றொன்றில் பிரித்தும் எழுதப்பட்டுள்ளதா என எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 12ஏ, 80ஜி பதிவுகள் தற்காலிகமானவை எனில் அவை முடியும் தேதியையும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எண் கிடைத்தாலும் நிதி உறுதியன்று. வெளிநாட்டு நன்கொடைக்கு இந்த எண் செல்லாது; அதற்குத் தனி அனுமதி வேண்டும். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கென்று சேர்த்த பணத்தை, "எண் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பட்டயக் கணக்காளரின் சான்றொப்பத்துடன் நீங்களே இணையத்தில் தாக்கல் செய்யலாம்.