பழைய செயற்கைத் தரையைப் பெயர்த்த பிறகு எதைப் போடுவது?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் அணி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறது. மைதானத்தில் இருக்கும் செயற்கைப் புல்தரை பன்னிரண்டு ஆண்டு பழையது. மறுபடி அதையே போடுவதா, இயற்கைப் புல்லுக்குத் திரும்புவதா என்று முடிவுசெய்யும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். 'புல் என்றால் ஆண்டுதோறும் செலவு, இது போட்டால் எட்டு ஆண்டுக்குக் கவலையில்லை' என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. பயிற்சியாளருக்கோ மாணவர்களின் முழங்காலைப் பற்றிக் கவலை. 'ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகமே புல்லைக் கைவிட்டுவிட்டதே' என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு மைதானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் நான் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: பயிற்சியாளரின் கவலை நியாயமானது. அதை முதலில் பேசிவிடுவோம்.

காலணியின் அடியில் இருக்கும் குமிழ்கள் புல்லில் புதைந்த நிலையில் வீரர் சட்டென்று திரும்பினால், ஓர் அளவுக்கு மேல் புல் தாங்காது. வேரோடு ஒரு துண்டு பெயர்ந்துவிடும். மைதானப் பணியாளருக்கு அது எரிச்சல், ஆனால் முழங்காலுக்கு அது பெரிய உதவி. செயற்கை விரிப்பு பெயராது. கால் அங்கேயே மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது; அந்த முறுக்கு முழுவதையும் தசைநார் வாங்கிக்கொள்கிறது. 2004-05 முதல் 2013-14 வரையிலான பத்துப் பருவங்களுக்கு என்.சி.ஏ.ஏ. திரட்டிய காயக் கணக்கை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில், ஏ.சி.எல். எனப்படும் முன்புறத் தசைநார்க் காயம் புல்லில் நேர்வதைப் போல 1.63 மடங்கு, பின்புறத் தசைநார்க் காயம் 3.13 மடங்கு செயற்கைத் தரையில் நேர்ந்திருந்தன. உங்கள் கல்லூரி ஆடுவது மூன்றாம் பிரிவில். 'இதெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் மேசைமேல் வையுங்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்களும் சும்மா இல்லை. தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஜே.சி. டிரெட்டர் 2020இல், யாரும் மோதாமலே இடுப்புக்குக் கீழே ஏற்படும் காயங்கள் செயற்கைத் தரையில் 28 சதவீதம் அதிகம் என்று எழுதினார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் 2026 உலகக் கோப்பைக்கு இயற்கைப் புல்தான் வேண்டும் என்று ஃபிஃபா சொன்னதும், செயற்கைத் தரை வைத்திருந்த அதே என்.எஃப்.எல். அரங்கங்கள் புல் விரிக்கச் சம்மதித்தன. ஒரு மாத விருந்தாளிக்குப் புல், ஆண்டு முழுவதும் அங்கே விழுந்து எழுகிறவனுக்குப் பிளாஸ்டிக். இந்த நாட்டின் விளையாட்டு நிர்வாகத்தைப் பற்றி இதற்கு மேல் நான் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அடுத்தது ஒஹையோ ஸ்டேட். அந்தக் கதையைப் பாதிதான் சொல்கிறார்கள். அங்கே 1971இல் செயற்கைத் தரை போட்டு, 1990இல் புல்லுக்குத் திரும்பி, 2007இல் மறுபடி செயற்கைக்குப் போனார்கள். 2006 பருவத்தின் நடுவிலேயே புல்லை மாற்ற வேண்டிவந்தது. வேர் பிடிக்காத புதுப்புல்மேல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் வீரர்கள் வழுக்கினார்கள். ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கம் அது. உயர்ந்த இருக்கை வரிசைகளின் நிழல் ஒருபுறம், ஆழமாகத் தோண்டித் தாழ்த்திய ஆடுதளம் மறுபுறம். உங்கள் மைதானத்தில் ஒரு பக்கம் அலுமினியப் படிக்கட்டு, மறுபக்கம் மரங்கள், அவ்வளவுதானே? வெயிலும் காற்றும் தாராளமாக வரும். 'ஒஹையோ குளிருக்குப் புல் தாங்காது' என்பதும் சாக்கு. பக்கத்து மாநிலங்களில் மிச்சிகன் ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் புல்லில் ஆடுகின்றன. அதிலும் மிச்சிகன் ஸ்டேட் பல ஆண்டு செயற்கைத் தரையில் ஆடிவிட்டு 2002இல் புல்லுக்கு வந்தது. உங்கள் பகுதிக்கு ஏற்றது கென்டக்கி புளூகிராஸ். அடியிலிருந்து பக்கவாட்டில் தண்டு ஓட்டித் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் வகை அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழு ஏமாறப்போகும் இடம் புல்லும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல. செலவு ஒப்பீட்டுத் தாள். அதைத் தயாரித்தது யார் என்று கேளுங்கள். 'எங்கள் ஆலோசகர் இலவசமாகவே செய்து தந்தார்' என்று பதில் வந்தால், அந்த இலவசத்துக்குப் பின்னால் விற்பவர் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணின் ஜாதகத்தையும் எழுதிக்கொண்டு வந்து பொருத்தம் பார்த்துச் சொல்வது போன்றது இது. பத்துப் பொருத்தமும் அமையும், சந்தேகமே வேண்டாம்.

அந்தத் தாளில் புல்லின் பக்கம் எல்லாம் எழுதியிருக்கும். தண்ணீர், உரம், வெட்டும் இயந்திரம், அதற்குப் பெட்ரோல், பணியாளர் சம்பளம், அவருடைய விடுமுறைகூட. செயற்கையின் பக்கம் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். எட்டு அல்லது பத்து ஆண்டு கழித்து விரிப்பை மறுபடி மாற்றும் செலவு அங்கே இருக்காது. அது பொதுவாக ஐந்து லட்சம் டாலரைத் தாண்டும். அவ்வப்போது தூரிகை இழுத்து, இழைகளுக்கு இடையே கொட்டிய பழைய டயர் ரப்பர்த் துகளைச் சமன்செய்யும் ஆளுக்கும் சம்பளம் உண்டு, அதுவும் இருக்காது. இருபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டுக் கேளுங்கள், பத்து ஆண்டுக்கு வேண்டாம். பத்து ஆண்டுக் கணக்கு என்பது இரண்டாவது விரிப்புக்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்ட கணக்கு.

எட்டு ஆண்டு உத்தரவாதத்தையும் படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே வரும் உத்தரவாதமாக அது இருக்கலாம்; அப்படியானால் ஏழாம் ஆண்டில் தரை கிழிந்தால் கிடைப்பது சிறு பங்கு. பராமரிப்புப் பதிவேட்டில் இடைவெளி இருந்தால் அதுவும் சந்தேகமாகலாம். ஒரு பெரிய நிறுவனம் ஒருவகை இழையைப் பத்தாண்டுக்கு மேல் நிற்கும் என்று நாடெங்கும் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் விற்றதும், அது நான்கைந்து ஆண்டிலேயே பிளந்து உதிர்ந்ததும், குறை உள்ளுக்குள் தெரிந்த பிறகும் விற்பனை தொடர்ந்ததும் 2016இல் நியூ ஜெர்சிப் பத்திரிகையாளர்களின் விசாரணையில் வெளிவந்தது. அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர்களும் உங்களைப் போன்ற குழுக்கள்தான்.

உத்தரவாதத்தில் 'ஜி-மேக்ஸ் 200க்குக் கீழ் இருக்கும்' என்று ஒரு வரி வரும். இருபது பவுண்டு எடையை இரண்டு அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் மூன்று முறை போட்டு, பிந்தைய இரண்டின் சராசரியை எடுப்பது அந்தச் சோதனை. எண் கூடினால் தரை கெட்டியாகிவிட்டது, தலைக்கு ஆபத்து என்று அர்த்தம். 200 என்பது தாண்டக் கூடாத உச்சவரம்பு; விற்பவர் அதை மதிப்பெண் மாதிரி பெருமையாகச் சொல்வார். தொழிற்துறையின் சொந்தச் சங்கமே 165க்குக் கீழ் வைக்கச் சொல்கிறது. அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். என்.எஃப்.எல். ஆட்டத்துக்கு முன் தரையின் கடினத்தைச் சோதித்தாக வேண்டும். கல்லூரிகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சம்பளம் வாங்குகிறவனுக்குச் சோதனை உண்டு, கட்டணம் கட்டிப் படிக்கிறவனுக்கு இல்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மெல்லிய எஃகு அளவுகோலை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே, ஆட்டம் அதிகம் நடக்கும் இரு கோடுகளுக்கு இடையே, ரப்பர் துகளுக்குள் அடிவிரிப்பு தட்டும்வரை செருகுங்கள். பிறகு யாரும் ஓடாத ஒரு மூலையில் செருகுங்கள். மூலையில் ஒன்றரை அங்குலம் இறங்குவது நடுவில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால், உங்கள் மாணவர்கள் இத்தனை நாளாக எதன்மேல் விழுந்துகொண்டிருந்தார்கள் என்று புரியும்.

வெப்பத்தை மறக்க வேண்டாம். யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, காற்று 98 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்த ஒரு நாளில் செயற்கைத் தரை 200 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் தெளித்தால் போதும் என்பார்கள். 174 டிகிரி இருந்த தரை தண்ணீர் தெளித்ததும் 85க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 120, இருபது நிமிடத்தில் 164. உங்கள் பயிற்சி முகாம் ஆகஸ்டில்தானே தொடங்குகிறது? டயர்த் துகளின் நச்சைப் பற்றி ஒரு வேதியியல் ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் முழங்காலையும் வெப்பத்தையும்தான் முன்னால் வைப்பேன்.

ஆகவே என் பதில்: புல். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கல்லூரி அதில் விழுகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கல்லூரி முழுவதற்கும் அது ஒரே மைதானமா? அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் மட்டும் நடந்தால் ஒரு பருவத்துக்கு ஐந்தாறு சனிக்கிழமை, புல் சிரிக்கும். ஆனால் அன்றாடப் பயிற்சியும் அங்கேயே, ஆண்கள் சாக்கர், பெண்கள் சாக்கர், வசந்தத்தில் லக்ராஸ், மாலையில் பேண்டு வாத்தியக் குழு என்றால் எந்தப் புல்லும் அக்டோபர் நடுவில் சேறாகிவிடும், நவம்பரில் அது திரும்ப வளராது. அப்போது செயற்கையைத்தான் போட வேண்டும். போட்டால் விரிப்புக்கு அடியில் அதிர்வு தாங்கும் மெத்தையோடு போடுங்கள். விலையைக் குறைக்க முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். பேண்டு குழு மட்டும் என்றால் அதை வாகன நிறுத்தத்துக்கு அனுப்பலாம், பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான். பட்டமளிப்பு விழா ஒரு நாள், அதற்குத் தரைமூடி வாடகைக்குக் கிடைக்கும். 'வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம்' என்பதை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்; யார் வாடகைக்கு வரப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். பயிற்சிக்குத் தனியாக ஒரு புல்வெளி இருந்தாலோ, அருகில் ஒன்றை உருவாக்க இடம் இருந்தாலோ இந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது. வாரத்தில் எத்தனை மணி நேரம் யார் யார் இறங்குகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். அந்த ஒரு தாள் மற்ற எல்லாத் தாள்களையும்விட உதவும்.

புல் பக்கத்திலும் தரகர்கள் உண்டு. இப்போதைய விரிப்புக்குக் கீழே இருப்பது அடித்து இறுக்கிய கல் தளம். அதன்மேல் நாலு அங்குல மண்ணைக் கொட்டிப் புல் பாயை உருட்டிவிட்டுப் போக ஒருவர் வருவார், விலையும் மலிவாக இருக்கும். முதல் மழையிலேயே அது குளம். பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்கு மணல் வேர்த்தளம் வேண்டும். உங்கள் மைதான அளவுக்கு 3,000 டன்னுக்கு மேல் மணல் வரும், அதற்கு இடம் தர கல் தளத்தைத் தோண்டியாக வேண்டும். அதைவிட நுட்பமான பித்தலாட்டம் ஒன்று இருக்கிறது: நல்ல மணல் தளம் போட்டுவிட்டு, களிமண்ணில் வளர்ந்த புல் பாயை அதன்மேல் விரிப்பது. மேலே அந்தக் களிமண் ஒரு மூடிபோல நின்று தண்ணீரைக் கீழே விடாது. லாரி வந்ததும் ஒரு பாயின் ஓரத்தைப் பிட்டு ஈரத்தோடு விரலால் உருட்டுங்கள். கயிறுபோல் உருண்டு வந்தால் களிமண், திருப்பி அனுப்பிவிடுங்கள். மணலாக உதிர்ந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எதைப் போட்டாலும் பழையதை அகற்றியாக வேண்டும். விரிப்பும் துகளும் மணலும் சேர்ந்து நானூறாயிரம் பவுண்டுக்கு மேல் எடை. 'மறுசுழற்சிக்கு அனுப்புகிறோம்' என்று சொல்லி எடுத்துப்போய், எங்கோ ஒரு வாடகைக் கிடங்கின் பின்புறம் உருளை உருளையாக அடுக்கிவிட்டுக் காணாமல்போகும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எந்த ஆலைக்குப் போனது, எத்தனை டன் இறங்கியது என்ற எடைச்சீட்டு உங்கள் கைக்கு வரும்வரை இறுதித் தவணையைப் பிடித்துவைக்கும்படி கல்லூரிக் கணக்காளரிடம் சொல்லுங்கள். 'மே மாதத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் கோடையில் வேலை முடியாது' என்று அவசரப்படுத்தினால், இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த கோடை போதும் என்று சொல்லிவிடுங்கள். பழைய தரை இன்னும் ஒரு பருவம் தாங்குமா என்பதை, விற்பனையில் பங்கில்லாத ஒரு சோதனைக்கூடத்தை அழைத்து ஜி-மேக்ஸ் எடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். தாங்காது என்று வந்தால், உள்ளூர் ஆட்டங்களைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் புல் மைதானத்துக்கு மாற்ற முடியுமா என்று விளையாட்டு இயக்குநரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.