சிபில் கெட்டுப்போச்சா? இளைஞர்களுக்கான கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பங்குச்சந்தை, காப்பீடு எல்லாம் வேற ஆளைக் கேளுங்க. கேட்கிறதுக்கு முன்னாடி உங்க சிபில் அறிக்கையை, அதாவது நீங்க வாங்கின கடனை எப்படிக் கட்டினீங்கன்னு பதிவு பண்ணி மார்க் போட்ட அறிக்கையை, இறக்கிப் படிச்சிடுங்க. வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம்.

ஓசூர், வயது 24: கிரெடிட் கார்டு பாக்கி 62,000. வேலை போனதால எட்டு மாசமா கட்டலை. 30,000 கட்டினா முடிச்சிடலாம்னு வசூல்காரர் சொல்றார். கட்டிடவா சார்?

அவசரப்படாதீங்க தம்பி. அப்படிக் கட்டினா அறிக்கையில 'செட்டில்டு'னு விழும். பேரம் பேசிப் பாதியில முடிச்சவர்னு அர்த்தம். நாளைக்கு பைக் லோன் கேட்டுப் போனா, அதிகாரி மார்க்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார். நானே அதைப் பார்த்துட்டு ஃபைலை மூடி வச்சிருக்கேன்.

முழுசும் கட்டினா 'க்ளோஸ்டு'. அதனால வங்கிக்கே மின்னஞ்சல் போடுங்க, பாக்கியை மாசத் தவணையா மாத்தித் தரச் சொல்லுங்க. வட்டியைக் குறைச்சா கணக்கு எப்படிப் பதிவாகும்னு எழுத்துல வாங்கிடுங்க. பணம் கார்டு கணக்குக்கே போகணும், வசூல்காரரோட ஜிபேக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். அவர் காலை 8 மணிக்கு முன்னாடியோ இரவு 7 மணிக்கு மேலயோ கூப்பிடவும் கூடாது.

முடிஞ்சதும் 'பாக்கி இல்லை' சான்றிதழ் வாங்குங்க. அப்புறம் 15,000 ரூபா டெபாசிட் வச்சு அதன் பேர்ல ஒரு கார்டு எடுத்து, வரம்புல 30 சதவீதத்துக்குள்ள செலவு பண்ணி, பில்லை முழுசா கட்டுங்க. பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற 'மினிமம் டியூ' தொகையை மட்டும் கட்டினா மிச்சத்துக்கு மாசம் மூணு, மூணரை சதவீதம் வட்டி ஏறும்.

மதுரை: அடிக்கடி சிபில் பார்த்தா மார்க் குறையுமா?

நீங்க பார்த்தா குறையாது. லோன் கேட்டு வங்கி பார்த்தா கொஞ்சம் குறையும்.

சேலம்: 5,000 கொடுத்தா 15 நாள்ல சிபில் மார்க்கை 750 ஆக்கித் தர்றதா இன்ஸ்டாவுல ஒருத்தர்...

ஏமாத்து வேலை. உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவுன்னா நீங்களே இலவசமா புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா அதுக்கு மேல நாளுக்கு 100 ரூபா இழப்பீடு உண்டு. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க.

தஞ்சாவூர்: என் கல்விக் கடன் தவணை நின்னதால அப்பாவுக்கும் கடன் மறுக்கிறாங்க.

அவர் இணைக் கடனாளி, ரெண்டு பேர் பதிவுலயும் ஏறும். 90 நாள் தாண்டினா வாராக்கடன். தாண்டலைன்னா இந்த வாரமே கிளைக்குப் போய்த் தவணையைக் குறைச்சு, காலத்தை நீட்டிக் கேளுங்க மா. தாண்டியிருந்தாலும் போங்க, பேச்சு மட்டும் கடினமா இருக்கும்.

திருச்சி: ஏழு வருஷம் கண்டுக்காம விட்டா கடன் பதிவு தானா அழிஞ்சிடும். எதுக்குக் கட்டணும்?

பதிவைக் குறைஞ்சது ஏழு வருஷம் வச்சிருக்கணும்ங்கிறதுதான் விதி. ஏழு முடிஞ்சதும் அழிக்கணும்னு எங்கேயும் இல்லை. அதுக்குள்ள வங்கி வேலைக்குப் போனா? ஸ்டேட் பேங்க் ஒருத்தரோட நியமனத்தைக் கடன் பதிவைக் காட்டி ரத்து பண்ணுச்சு. 2025-ல சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. பாக்கியைக் கட்டி முடிச்சுட்டேன்னு அவர் சொன்னதும் எடுபடலை.

திருச்சி: வேலை இல்லாததாலதானே கட்டலை? அதைக் காட்டியே வேலை மறுத்தா எதை வச்சுக் கட்டுறது?

நியாயமான கேள்வி. ஊரார் பணத்தைக் கையாளுறவர் பதிவை வங்கி பார்க்கிறதுல தப்பில்லைன்னு நினைக்கிறேன். ஆனா சம்பளம் வந்தும் கட்டாதவனையும், வேலை போய்க் கட்ட முடியாதவனையும் ஒண்ணாப் பார்க்கிறது சரியில்லை. அறிக்கையில 36 மாசத்துக்கு எத்தனை நாள் தாமதம்னு மாசாமாசம் இருக்கு. எந்த மாசம் நின்னுச்சு, எப்போ திரும்பக் கட்ட ஆரம்பிச்சார்னு பார்த்தாலே பாதி கதை தெரியும்.

ஈரோடு: அப்போ வங்கிக்காரங்களே பெரிய முதலாளிக்குத் தள்ளுபடி...

அந்த விவாதத்துக்கு ராத்திரி பத்தாது. விடுங்க.

கோவை: அடிக்கடி சிபில் பார்த்தா குறையுமா சார்?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

நெல்லை: இதுவரைக்கும் கடனே வாங்கலை, மார்க்கே வரலை. லோன் தருவாங்களா?

முதல் கடன்காரர்னு மட்டும் காரணம் சொல்லித் தள்ளக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. சம்பளச் சீட்டோட போங்க.

கரூர்: செட்டில்டு ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. மாத்த முடியுமா?

சில வங்கிகள் மிச்சத்தை வாங்கிக்கிட்டு 'க்ளோஸ்டு' ஆக்கும். எவ்வளவு கட்டணும்னு எழுத்துல கேளுங்க, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்க.