கோபிக்காரரைக் கட்டினால் இந்தியாக்காரி ஆகிவிடுவேனா?

கேள்வி: நான் 1998-ல் பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். அப்பா மன்னார்க்காரர். அம்மாவின் அப்பா ராசிபுரம் பக்கத்திலிருந்து ஹட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். குடும்பம் 1990-ல் படகில் வந்தது. பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நானும் கோபிக்காரர் ஒருவரும் கல்யாணம் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். "எந்த நாடுன்னே தெரியாத புள்ளை" என்கிறார் அவருடைய அம்மா. என் அம்மாவோ, "நாங்க ஒருநாள் ஊருக்குப் போறவங்கதான்" என்கிறார். கல்யாணம் ஆனால் எனக்குக் குடியுரிமை கிடைக்குமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: கல்யாணத்தால் மட்டும் கிடைக்காது, அம்மிணி. இந்தியரை மணந்து ஏழு வருடம் இங்கே வாழ்ந்தவர் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில்தான். ஒருநாள்கூட கடல் தாண்டாத உங்களையும் அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள், இதில் என்ன நியாயமோ! 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கையை விட்டுவிட்டார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. அது குடியுரிமை இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்கு அப்பா இந்தியர் என்பது மட்டும் போதாது, அம்மா அந்தப் பட்டியலில் இருக்கவும் கூடாது. அதாவது கோபிக்காரரின் பிள்ளைக்கும் சிக்கல் வரலாம். இதை அவரிடம் இப்போதே சொல்லுங்கள். அவர் அம்மாவிடம் அல்ல, அவரிடம். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலிலோ பாஸ்போர்ட் ஆபீஸிலோ தெரியவந்தால் அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும்.

சரி, வழியே இல்லையா? உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ராசிபுரம் தாத்தாதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. இந்தியப் பாஸ்போர்ட் கையில் வாங்கியும் கப்பலேற முடியாமல் போனவர்கள் பலர். தாத்தா அப்படி வாங்கியிருந்தாரா? அதில் பிள்ளையாக அம்மாவின் பெயர் இருக்கிறதா? நீங்கள் 1987 ஜூலை 1-க்கும் 2004 டிசம்பர் 3-க்கும் இடையில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றாலே போதும். அம்மா இந்தியர் என்று நிரூபணமானால் உங்கள் வழக்கே வேறு. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2024-ல் ஓட்டுப் போட்டதை உங்கள் முகாமில் பேசியிருப்பார்கள். அவர் 1986-ல், அதாவது 1987 ஜூலை 1-க்கு முன்பே இங்கே பிறந்தவர், அதுதான் அவரைக் காப்பாற்றியது. உங்களுக்கு அது பொருந்தாது.

அம்மாவின் காகிதங்களைப் பார்த்து முடிக்கும்வரை இலங்கைக் குடியுரிமைக்குப் பதிவு செய்யாதீர்கள். இன்னொரு நாட்டின் குடியுரிமையைக் கேட்டு வாங்கினால் இந்திய உரிமை போய்விடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று உறுதியான பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். ஈழ அகதிகளுக்காக இயங்கும் ஓஃபர் அமைப்பினர் இதில் உதவுகிறார்கள். எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பதைவிட அது மேல். அப்படிப் பதிவதால் நீங்கள் ஈரோட்டுக்காரி இல்லை என்று ஆகிவிடாது.

வருங்கால மாமியார் நாட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் நம்பவில்லை. நம் பக்கத்தில் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்னே என்ன கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வம் எந்தக் கோயில் என்று கேட்பார்கள். நாளைக்கே நீங்கள் பாஸ்போர்ட்டை நீட்டினாலும் அந்தக் கேள்வி இருக்கும். அதற்கு அவர் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தால் மறுத்துப் பேசாதீர்கள். அது அவர் பிறந்து வளர்ந்த மண். உங்களுக்கு பவானிசாகர். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு ஊர் இருந்துவிட்டுப் போகட்டுமே.

காகிதங்களைத் தேடிப் பழைய பெட்டியைத் திறக்கும்போது அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும். கிடைத்ததை லேமினேட் செய்ய வேண்டாம். புரோக்கர் யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.