பியானோவை நம்பி வாழ்வது: பெரம்பூர் வாசகருக்குப் பதில்

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 26. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் எல்.டி.சி.எல். என்ற இசை டிப்ளமோ தேர்வைப் பியானோவில் தேறியவர்; மாலையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார், ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறார், கீர்த்தனைகளைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றி எழுதி, அதாவது அரேஞ்ச் செய்தும் பார்க்கிறார். கச்சேரி, கற்பித்தல், அரேஞ்ச்மெண்ட், ஆராய்ச்சி ஆகிய நான்கையும் சென்னையில் இருந்தபடியே நடத்த முடியுமா, அல்லது வீட்டார் சொல்வதுபோல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்.

முடியும், ஆனால் நான்குக்கும் தனித்தனிச் சரக்கு தேடினால் முடியாது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் 1907 முதல் புடாபெஸ்ட் இசைக் கல்விக்கூடத்தில் பியானோ ஆசிரியராக இருந்துகொண்டே மேடையிலும் வாசித்தார். கிராமங்களில் தாம் சேகரித்த நாட்டுப்பாடல்களை ஆராய்ந்து எழுதியதோடு, அவற்றையே குழந்தைகள் வாசிக்கத்தக்க எளிய உருப்படிகளாகவும் ஆக்கினார். உங்களுக்கும் அத்தகைய சரக்கு அருகிலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஐரோப்பிய மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரண ராகத்தில் அமைந்தவை. பெரும்பாலும் கமகம் என்னும் சுர அசைவு இல்லாமல் பாடப்படுபவை என்பதால் பியானோக் கட்டைகளில் சிரமமின்றி உட்காரும். தொடக்க மாணவருக்கு அவை பாடம். நீங்கள் ஹார்மனி (மெட்டோடு சேர்ந்தொலிக்கும் துணைச் சுரங்கள்) சேர்த்து விரித்தால் மேடைக்குரிய உருப்படி. எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆராய்ச்சி. 1890களின் தொடக்கத்திலேயே ஏ.எம். சின்னசாமி முதலியார் இந்நகரிலிருந்து கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷன் என்னும் ஐந்து கோட்டு ஐரோப்பிய இசைக் குறியீட்டில் அச்சிட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களை இன்றைய பாடாந்தரத்தோடு (குரு வழியாக வந்த பாடும் முறை) ஒப்பிடுவது, இரண்டையும் படிக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர் செய்ய வேண்டிய வேலை.

எல்லா ராகமும் இப்படி இடம் கொடுக்காது. தோடி ராகத்தின் காந்தாரம் ('க' சுரம்) அசைவிலேயே உயிர் வாழ்வது. அதை ஒரு கட்டையில் அழுத்தி நிறுத்தினால் வேறொன்றாகிவிடும். அலங்காரச் சுரங்களைச் சேர்த்து அந்த அசைவைப் போலச் செய்யும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சங்கராபரணத்திலும் பாடகரோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒரு சங்கடம் உண்டு: இயல்பான அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து ('ச') 386 சென்ட் (அடுத்தடுத்த இரு பியானோக் கட்டைகளின் இடைவெளி 100 சென்ட்), பியானோவில் அது 400. ஆகவே பாடகர் காந்தாரத்தில் நீண்டு நிற்கும் இடங்களில் நீங்கள் அந்தச் சுரத்தை விட்டுவிட்டு ஷட்ஜ பஞ்சமத்தோடு ('ச', 'ப') நிற்பது நல்லது.

வருமானத்திற்கு இந்நகரில் கற்பித்தலே அடித்தளம். பள்ளி முடிந்து பிள்ளைகள் வருவது மாலையில்தான் என்பதால் காலை நேரம் இயற்கையாகவே உங்களுடையது. எவ்வளவு கேட்டாலும் அதை வகுப்புக்கு விற்காதீர்கள். ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் வரும் மாதங்களில் மாணவர் வரத்துக் குறையும். ஆகவே கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்காமல் பருவத்திற்கு முன்பணமாக வாங்குங்கள், அரேஞ்ச்மெண்ட் வேலையை அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். டிசம்பரில் கரோல் ஒத்திகைகள் உங்களை விழுங்கிவிடும், மார்கழிக் கச்சேரிகளால் அரங்குகளும் நிறைந்திருக்கும். தனிக் கச்சேரியை ஜூலை முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரங்கைப் பதிவு செய்யும் முன் அங்கே பியானோ இருக்கிறதா என்று கேளுங்கள். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னர்தான் ஏ.சி. போடுவார்கள் என்றால், காலையில் செய்த ட்யூனிங் மாலையில் நிற்காது. பியானோக் கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகை ஈரத்தில் விரிந்து உலர்ச்சியில் சுருங்கும் மரம்.

அரேஞ்ச்மெண்ட்டில் சட்டத்தையும் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசைப் படைப்பை அரேஞ்ச் செய்வது உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் தழுவல். படைப்பாளி மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். தியாகராஜரும் தீட்சிதரும் தடையில்லை. திரைப்பாடலென்றால் அச்சிடும் முன் அனுமதி பெறுங்கள். பிறர் கேட்டுச் செய்து கொடுக்கும் வேலையில் பெயர் போடுவதையும் மறுபயன்பாட்டுக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய விரும்பினால், எல்.டி.சி.எல். ஒரு டிப்ளமோ என்பதை மறக்க வேண்டாம். அதைப் பட்டமாக ஏற்பார்களா, தனியாக முதுநிலைப் பட்டம் பெற வேண்டுமா என்று நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நெறியாளரின் வாய்மொழி போதாது. அந்தப் பதில் வரும்வரை காத்திருக்காமல், நோட்டுஸ்வரங்களில் மூன்றையாவது இந்தப் பருவத்திலேயே மாணவர் பாடத்தில் சேர்த்துவிடலாம்.